கால் சதைவலிக்கு வைட்டமின், சப்ளிமென்ட்: எதை, எவ்வளவு, எப்போது எடுப்பது

புதிதாக ஓட ஆரம்பித்தவருக்கும் கால் வலிக்கிறது, நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவருக்கும் வலிக்கிறது, அறுபதைத் தாண்டியவருக்கு நடு ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது. மூன்று பேரும் மருந்துக்கடையில் கேட்டால் மூவர் கையிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி மாத்திரைதான் வந்து சேரும்: ஒரு மல்டிவைட்டமின், இல்லையென்றால் கால்சியமும் வைட்டமின் டியும் கலந்தது, இல்லையென்றால் மெக்னீசியம். வலிக்கான காரணமோ ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குக் கேட்கும் மாத்திரை இன்னொருவருக்குக் கேட்காமல் போவது அதனால்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் வரும் சதைவலி, எதையுமே சாப்பிடாவிட்டாலும் ஐந்து முதல் ஏழு நாளில் தானாகவே போய்விடும். வலி உச்சத்தில் இருக்கும் மூன்றாம் நாள் மாத்திரை போட்டால் நாலாம் நாள் குறையும். நல்ல பெயர் மாத்திரைக்குப் போகும். சப்ளிமென்ட்டுகளைப் பற்றிக் காதில் விழும் பாராட்டில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். ஒரு சத்து உண்மையிலேயே குறைவாக இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் பலன் நன்றாகத் தெரியும். குறைவில்லாதவருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், பல சமயம் ஒன்றுமேயில்லை. நீங்கள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

படி 1: எந்த மாதிரி வலி என்று பிரித்துப் பாருங்கள்

மாத்திரைப் பேச்சுக்கே இடமில்லாத நிலைகளை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக, அழுத்தினால் வலியாக இருந்தால் ஆழத்தில் ஓடும் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம், நாட்கணக்கில் படுக்கை, கருத்தடை மாத்திரை இவற்றில் ஏதாவது பின்னணியில் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்தக் காலை அழுத்தித் தேய்க்கக்கூடாது. கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போவதும் அப்படித்தான். தசையின் நார்கள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மூன்றாவது ஒன்று, அடிக்கடி சதைவலி என்று தவறாக நினைக்கப்படுவது: நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டு, மறுபடி நடந்தால் மறுபடி வருவது. காலுக்குப் போகும் தமனி சுருங்கியிருப்பதன் அறிகுறி இது. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம் வரும்.

இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் வலி கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பயிற்சிக்குப் பிந்தைய வலி: பயிற்சி முடிந்த அன்று பெரிதாகத் தெரியாது. அடுத்த நாள் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். இரண்டு காலிலும் இருக்கும். படி ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும், ஏனென்றால் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலைதான் அதன் நார்களில் நுண்ணிய சேதத்தை உண்டாக்குகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். லாக்டேட் பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அது காரணமாக முடியாது.

பிடிப்பு: திடீரென்று கெண்டைக்கால் கல்லாக இறுகி, சில நொடியோ சில நிமிடமோ உயிர் போகிற மாதிரி வலித்து விடும். இரவில் வருவது வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சகஜம்.

குடைச்சல்: மாலையிலும் இரவிலும் படுத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியாது, எழுந்து நடந்தால் உடனே நிம்மதி. இது வலியைவிட ஒரு தவிப்பு. இரும்புச் சத்துக் குறைவோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தல்: இது பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும். சதையை விட்டுவிட்டு நரம்பைப் பாருங்கள். சர்க்கரை நோய், பி12 குறைபாடு, மதுப்பழக்கம் முதலில் நினைவுக்கு வரவேண்டியவை.

பலவீனத்தோடு சேர்ந்த மந்தமான வலி: தொடையிலும் இடுப்பைச் சுற்றியும் அசதி, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் வலி. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, உந்தாமல் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். முன்பு எளிதாக எழுந்தவர் இப்போது கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், வைட்டமின் டி கடுமையாகக் குறைந்திருக்கலாம். தைராய்டும் பார்க்க வேண்டிய ஒன்று.

படி 2: ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை எழுதுங்கள்

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: மருத்துவர் எழுதிக்கொடுத்தவை, நீங்களாக வாங்கியவை, பொடி, கஷாயம் உட்பட. கால்வலியே அந்தத் தாளிலிருந்து வந்திருக்கலாம்.

கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரை சிலருக்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் இரு பக்கமும் வலி தரும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் வந்திருந்தால் சந்தேகிக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் (தசை சேதமானால் கூடும் நொதி) அளவைப் பார்த்து, மருத்துவர் வேறு ஸ்டாட்டினுக்கோ குறைந்த அளவுக்கோ மாற்றுவார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல ஆண்டுகளில் பி12 சத்தைக் குறைக்கும். ஒமெப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் எடுத்தால் மெக்னீசியம், பி12 இரண்டுமே குறையலாம். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகளில் சில பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றிவிடும்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர் இந்தப் படியோடு நின்று, மருத்துவரிடம் கேட்ட பிறகே மேலே போக வேண்டும். மெக்னீசியம், பொட்டாசியம், வைட்டமின் டி, கிரியேட்டின் (பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் சப்ளிமென்ட்) நான்கையும் அவர் உடல் மற்றவர்களைப் போலக் கையாளாது.

படி 3: பரிசோதனை

பயிற்சிக்குப் பின் மட்டும் வரும் வலிக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. மற்ற வகைகளுக்கு, அல்லது வலி இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டினால், கேட்க வேண்டியவை இவை: 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, பி12, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டுவது), ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கால்சியம். பலவீனமும் இருந்தால் கிரியேட்டின் கைனேஸும். கடும் பயிற்சி செய்த மறுநாள் இந்தக் கடைசிப் பரிசோதனையைச் செய்தால் அளவு எக்கச்சக்கமாகக் காட்டும். சில நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள்.

மெக்னீசியத்தை மட்டும் இரத்தப் பரிசோதனையை நம்பி முடிவு செய்ய முடியாது. உடலிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதுதான் இரத்தத்தில் ஓடுகிறது, மீதி எலும்பிலும் தசையிலும் செல்களுக்குள் இருக்கிறது. அளவு குறைவாக வந்தால் குறைபாடு நிச்சயம். சரியாக வந்தால் குறைபாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தலைமுடி, நகத்துக்கான பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, எத்தனை நாளாகச் சாப்பிட்டீர்கள் என்பதையும் பரிசோதனைக்கூடத்தில் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு, மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் உள்ளிட்ட சில பரிசோதனைகளில் தவறான முடிவைக் காட்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017ல் எச்சரித்தது.

படி 4: குறைபாடு தெரிந்தால் அதைச் சரிசெய்யுங்கள்

வைட்டமின் டி. இரத்தத்தில் ஒரு மி.லி.க்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் போதாது, 12க்குக் கீழ் என்றால் கடுமையான குறைபாடு. சில அறிக்கைகள் நானோமோல் கணக்கில் தரும், அதை 2.5ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும். குறைபாடு இல்லாத பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவை 600 ஐ.யு. (சர்வதேச அலகு), எழுபதைத் தாண்டினால் 800. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 4,000க்கு மேல் போகக்கூடாது. லேபிளில் மைக்ரோகிராம் என்று இருந்தால் 40ஆல் பெருக்குங்கள்: 25 மைக்ரோகிராம் என்பது 1,000 ஐ.யு.

குறைபாட்டுக்குப் பலருக்கும் எழுதித் தரப்படுவது வாரத்துக்கு ஒன்று வீதம் 50,000 அல்லது 60,000 ஐ.யு., சுமார் எட்டு வாரம், அதன் பிறகு தினம் 1,000 முதல் 2,000. பெரிய தவறு நடப்பது இங்கேதான். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். விடாத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு என்று போய் முடியும். எட்டு வாரச் சீட்டையே வருடக்கணக்கில் காட்டி வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கும் இதே கதிதான். மாத்திரை வாங்கிய அன்றே எட்டுக் கிழமைகளையும் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள்; சாப்பிட்டதும் அடித்துவிடுங்கள். எட்டாவது வட்டத்தோடு வாராந்திர மாத்திரை முடிந்தது என்று பொருள்.

ஒரேயடியாகப் பெரிய அளவு எடுத்தால் சீக்கிரம் சரியாகும் என்ற எண்ணமும் வேண்டாம். எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் ஐ.யு. கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2010ல் வெளியானது. கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அவர்களுக்குக் கூடின.

கொழுப்பில் கரையும் சத்து இது. வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடலில் சேராது. நாளின் பெரிய சாப்பாட்டோடு, அதில் கொஞ்சம் எண்ணெயோ முட்டையோ பாலோ இருக்கும்படி எடுங்கள். டி2, டி3 இரண்டில் டி3தான் இரத்த அளவை நன்றாக ஏற்றித் தக்கவைக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள், அதற்கு முன் பார்த்தால் அளவு நிலைபெற்றிருக்காது. வலியும் பலவீனமும் குறையவே வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். சிறுநீரகக்கல், பாராதைராய்டு கோளாறு, சார்காய்டோசிஸ் (ஓர் அழற்சி நோய்) உள்ளவர்கள் தாமாகத் தொடங்கக்கூடாது. இரத்த அளவு போதுமானதாக இருப்பவர் மேலும் சாப்பிட்டால் சதைவலி குறையும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

பி12. ஒரு மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் (பி12 குறைந்தால் இரத்தத்தில் கூடும் பொருள்) பார்த்து உறுதி செய்யலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் தொடாதவருக்கு பி12 சேர்த்துத் தயாரித்த உணவுகளைத் தவிர வேறு உணவிலிருந்து இது கிடைக்க வழியில்லை, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவைப்படும். ஒரு நாளைக்கான தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம். ஆனால் குறைபாட்டுக்குத் தரும் மாத்திரையில் 1,000 மைக்ரோகிராம் இருக்கும். அளவு தவறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். வயிற்றில் பி12 ஏறுவதற்கான வழக்கமான வழி அடைபட்டவருக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும்; ஆயிரத்தில் பத்து சேர்ந்தாலே போதும். மதமதப்பு, தடுமாற்றம் போன்ற நரம்பு அறிகுறி இருப்பவருக்கு மருத்துவர் ஊசியில் தொடங்குவதே வழக்கம்.

கால் எரிச்சலுக்கு பி-காம்ப்ளெக்ஸ் வாங்குபவர்கள் அதிலுள்ள பி6 அளவைக் கட்டாயம் பாருங்கள். பைரிடாக்சின் என்று எழுதியிருக்கும். அதிகமானால் பி6 தானே நரம்பைக் கெடுத்து எரிச்சலையும் மதமதப்பையும் உண்டாக்கும். எரிச்சல் போகவில்லையே என்று இன்னொரு மாத்திரை கூட்டிக்கொள்பவர்கள் பிரச்சினையை வளர்த்துக்கொண்டே போகிறார்கள். அமெரிக்க உச்சவரம்பு நாளைக்கு 100 மி.கி.; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023ல் அதை 12 மி.கி. என்று வைத்தது. சாதாரணமாகச் சாப்பிடுபவருக்குத் தேவை 2 மி.கி.க்கும் குறைவு. ஒரே நாளில் எடுக்கும் மல்டிவைட்டமின், பி-காம்ப்ளெக்ஸ், மெக்னீசியம் கலவை, சத்துபானம் எல்லாவற்றிலும் பி6 ஒளிந்திருக்கும், கூட்டிப் பாருங்கள்.

இரும்பு. படுத்தால் குடைச்சல் வருபவருக்கு ஃபெரிட்டின் ஒரு மி.லி.க்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மருத்துவர் இரும்பு தரலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று இதை விட்டுவிடக்கூடாது. இரும்புக் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும், அப்போது சோதிக்க வேண்டாம். பரிசோதனை இல்லாமல் இரும்பு எடுக்கவே கூடாது. தேவையில்லாதவர் உடம்பில் அது சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும். எடுப்பவர் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றிலிருந்தும் இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். தினம் எடுத்தால் வயிறு கோளாறு செய்பவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள், ஒவ்வொரு மாத்திரையிலும் உடம்பு உறிஞ்சும் பங்கு அப்படி எடுக்கும்போது கூடுகிறது. மலம் கறுப்பாகப் போவது எதிர்பார்க்க வேண்டியதுதான். சின்னக் குழந்தைகளுக்குச் சில இரும்பு மாத்திரைகளே உயிராபத்து, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

படி 5: பிடிப்புக்கு மெக்னீசியம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு

பிடிப்பு என்றதும் கை நீள்வது மெக்னீசியத்துக்குத்தான். வயதானவர்களின் இரவுப் பிடிப்பில் அது மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி உதவவில்லை என்பதே, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ல் புதுப்பிக்கப்பட்ட ஆய்வுத் தொகுப்பின் முடிவு. கர்ப்பிணிகளில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குறைபாட்டுக்கு வாய்ப்புள்ளவர்கள் (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, நீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுப்பவர், மதுப்பழக்கம் உள்ளவர், நீடித்த வயிற்றுப்போக்கு உள்ளவர்) நான்கு வாரம் முயன்று பார்ப்பதில் தவறில்லை.

லேபிள் படிக்கக் கற்றுக்கொள்ள மெக்னீசியம் பாட்டில்தான் நல்ல பாடம். முன்பக்கம் பெரிய எழுத்தில் "மெக்னீசியம் சிட்ரேட் 1,000 மி.கி." என்று இருக்கும். அது உப்பின் மொத்த எடை. பாட்டிலைத் திருப்பி, பின்பக்கப் பட்டியலில் "தனிம மெக்னீசியம்" என்ற வரியைத் தேடுங்கள்: சுமார் 160 மி.கி. இருக்கும். அதுதான் உங்கள் கணக்கு. அடுத்து, அந்த அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டு மாத்திரை சேர்ந்த ஒரு வேளைக்கா என்று பட்டியலின் மேல்வரியில் பாருங்கள். கிளைசினேட்டில் எடையில் சுமார் 14 சதவீதம்தான் மெக்னீசியம். ஆக்சைடில் 60 சதவீதம், ஆனால் அது சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் தங்கி நீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். மலச்சிக்கலும் உள்ளவருக்கு சிட்ரேட், வயிறு இளகியவருக்கு கிளைசினேட் என்பது எங்கள் பரிந்துரை.

இரவு சாப்பாட்டோடு 100 முதல் 150 மி.கி. தனிம மெக்னீசியத்தில் தொடங்குங்கள். ஒரு வாரம் வயிறு ஒத்துழைத்தால் 200 முதல் 250 வரை கூட்டலாம். மாத்திரை வழியாக மட்டும் எடுப்பதற்கு அமெரிக்க உச்சவரம்பு 350, ஐரோப்பிய வரம்பு 250. வயிற்றுப்போக்கு வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில், அதை முதலில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மெக்னீசியம். முதலில் மெக்னீசியம் எடுத்துவிட்டால் ஆன்டிபயாட்டிக்குக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நாள் மெக்னீசியத்தை நிறுத்திவைப்பது இன்னும் சுலபம்.

வைட்டமின் கே2 பற்றியும் கேள்விப்படுவீர்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தினம் 180 மைக்ரோகிராம் கொடுத்த ஒரு ஆய்வில் இரவுப் பிடிப்பு கணிசமாகக் குறைந்தது, 2024ல் வெளியானது. ஒரே ஆய்வை வைத்து எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் இதைத் தொடவே கூடாது, அந்த மருந்தின் வேலையையே கே2 முறித்துவிடும். பிடிப்புக்குக் குயினைன் வேண்டாம்: இரத்தத் தட்டணுக்களைச் சரித்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று எஃப்.டி.ஏ. 2010ல் எச்சரித்தது.

மாத்திரை எதுவானாலும், படுக்கப் போகுமுன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் நீட்டி இழுக்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரைப் பார்த்து நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்ந்து பத்து முதல் இருபது நொடி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. பிடித்துவிட்ட நேரத்தில் முட்டியை நேராக வைத்துக் கால்விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள்.

பொட்டாசியம் மாத்திரையை நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். இரத்த அழுத்த மருந்துகளில் பல பொட்டாசியத்தை உடலில் தேக்கிவைக்கும், மேலே கூட்டினால் இதயத்துடிப்பே நின்றுபோகலாம்.

படி 6: பயிற்சி வலிக்கு எது வேலை செய்கிறது

புரதத்திலிருந்து தொடங்குங்கள். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 72 முதல் 96 கிராம். ராத்திரி ஒரே வேளையில் அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் வேளைக்கு 20 முதல் 25 கிராமாகப் பிரியுங்கள். வலியை இது உடனே குறைக்காது. சேதமான நாரைக் கட்டியெழுப்ப மூலப்பொருள் இதுதான். உணவில் எட்டாத மீதியைப் புரதப்பொடியால் நிரப்பலாம். இந்த அளவு புரதம் எடுப்பவருக்கு பி.சி.ஏ.ஏ. பொடி வீண் செலவு, அதிலுள்ள மூன்று அமினோ அமிலங்களும் எந்த நல்ல புரதத்திலும் இருக்கின்றன.

கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம். முதல் வாரம் 20 கிராம் எடுக்கும் முறை தேவையில்லை, தினம் 3 கிராம் எடுத்தாலும் மூன்று நாலு வாரத்தில் தசை நிரம்பிவிடும். பயிற்சிக்குப் பின் பலம் சீக்கிரம் திரும்புவதற்கும் தசை வளர்வதற்கும் உதவும். வலியைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தசைக்குள் நீர் சேர்வதால் எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். இரத்தத்தில் கிரியேட்டினின் சற்று உயர்ந்து சிறுநீரகம் கெட்டதுபோலக் காட்டும், பரிசோதனைக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள்.

புளிப்புச் செர்ரிச் சாறு நெடுந்தூர ஓட்டம், பந்தயம் போன்றவற்றுக்கு மட்டும் பொருத்தம். அடர்சாறு 30 மி.லி. தண்ணீரில் கலந்து நாளைக்கு இரண்டு வேளை, நிகழ்ச்சிக்கு நாலைந்து நாள் முன்பே தொடங்கி முடிந்த இரண்டு நாள் வரை. வலி வந்த பிறகு குடிக்கத் தொடங்கினால் பலன் இல்லை. சர்க்கரை அதிகம், நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்கவும்.

மஞ்சளிலுள்ள குர்குமின் வலியைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. வெறும் மஞ்சள்பொடியில் அது மிகக் குறைவு, உடலில் சேர்வதும் குறைவு. மிளகிலுள்ள பிப்பரின் சேர்த்தால் உறிஞ்சல் பல மடங்கு கூடும். அதே காரணத்தால் மற்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடக்கூடும். அடர்த்தியான குர்குமின் தயாரிப்புகளால் கல்லீரல் அழற்சி வந்ததும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்துங்கள்.

மீன் எண்ணெயில் கணக்குதான் ஏமாற்றும். "1,000 மி.கி." காப்ஸ்யூலில் பெரும்பாலும் ஒமேகா-3 கொழுப்புகளான ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி.தான் வேலைக்கு ஆகும். சதைவலிக்கு ஆய்வுகளில் கொடுத்த 2 கிராமை எட்ட ஏழு காப்ஸ்யூல் வேண்டும். அவ்வளவுக்கும் கிடைப்பது சிறு பலன், தினம் 1 கிராமுக்கு மேல் போகும்போது இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயம் சற்றுக் கூடுகிறது. நாங்கள் இதைச் சதைவலிக்கு மட்டும் என்று வாங்கச் சொல்ல மாட்டோம்.

வைட்டமின் சி, ஈ இரண்டையும் பெரிய அளவில் எடுப்பதைத் தவிருங்கள். பயிற்சியின்போது உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் தசையைப் பலப்படச் சொல்லும் தகவல். அதை முழுக்க அணைத்தால் முன்னேற்றமும் மழுங்கும். நார்வேயில் 2014ல் வெளியான ஆய்வில் தினம் 1,000 மி.கி. சியும் 235 மி.கி. ஈயும் எடுத்தவர்களின் தசையில், பயிற்சியால் கூட வேண்டிய மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் உறுப்பு) சார்ந்த புரதங்கள் எதிர்பார்த்தபடி கூடவில்லை. வலிக்காவது உதவுமா என்றால், இத்தகைய ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் குறைக்கும் வலி உணரத்தக்க அளவில் இல்லை என்று 2017ன் காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. ஸ்டாட்டின் வலிக்குப் பலர் எடுக்கும் கோ-க்யூ 10 என்ற சப்ளிமென்ட் விஷயத்தில் ஆய்வுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. மருத்துவர் சம்மதித்தால் 100 முதல் 200 மி.கி. வரை இரண்டு மாதம் முயலலாம்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான தடுப்பு ஒன்று உண்டு. ஒரு பயிற்சியைச் சிறிய அளவில் ஒரு முறை செய்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே பயிற்சி அந்தத் தசையை அவ்வளவு சேதப்படுத்தாது. முதல் நாள் இலக்கில் பாதியோடு நிறுத்துங்கள்.

படி 7: ஒரு நேரத்தில் ஒன்று, எழுத்தில்

மூன்று பாட்டிலை ஒரே நாளில் திறந்தால் எது கேட்டது, எது வயிற்றைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் வாரம் எதையும் தொடங்காமல், தினம் இரவு ஒரே நேரத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பிடிப்பு என்றால் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். அன்றைய நடை, பயிற்சி, தூக்கம் பற்றி ஒரு வரி. இரண்டாம் வாரம் ஒரே ஒரு பொருளைத் தொடங்கி நான்கு வாரம் தொடருங்கள்; வைட்டமின் டிக்கு மட்டும் பன்னிரண்டு. முதல் வாரச் சராசரியோடு கடைசி வாரச் சராசரியை ஒப்பிட்டு, இரண்டு புள்ளியாவது குறையாவிட்டால் நிறுத்துங்கள். குறைந்திருந்தாலும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வலி திரும்பாவிட்டால் அந்த மாத்திரை இனித் தேவையில்லை. பரிசோதனையில் குறைபாடு உறுதியாகி எழுதித் தந்த சத்துகளுக்கு இந்த நிறுத்திப் பார்க்கும் விதி பொருந்தாது.

வாங்கும்போது யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப்., இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போன்ற, தயாரிப்பைச் சோதித்துச் சான்று தரும் வெளி அமைப்புகளின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிகளில் கலந்துகொள்பவருக்கு இது கட்டாயம். கலப்படத்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் தெரியாமல் சாப்பிட்டேன் என்ற பதில் எடுபடுவது கடினம். "தனியுரிமைக் கலவை" என்று மொத்த எடையை மட்டும் போட்டு, ஒவ்வொன்றின் அளவையும் மறைக்கும் பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ தேதி குறித்தால் மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, குர்குமின் எடுப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை இவை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். பெயர் ஞாபகம் வராது என்பவர்கள் ஒவ்வொரு பாட்டிலின் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் போதும்.